தங்கை மகள் கிருமி ஆராய்ச்சிக்குப் போகிறேன் என்கிறாள். விடலாமா, வேண்டாமா?

வேளிமலை எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். பேச்சிப்பாறை அணையில் எத்தனை அடி தண்ணீர், ரப்பர் ஷீட் இன்றைக்கு என்ன விலை, இதைத் தவிர இங்கே வேறெதுவும் கேட்காத ஆள் நான். இன்றைக்கு வீட்டு விஷயம். என் தங்கை மகள் எம்.எஸ்ஸி. நுண்ணுயிரியல் முடித்துவிட்டாள், நெட் தேர்வு எழுதி ஜேஆர்எஃப் என்கிற ஆராய்ச்சி உதவித்தொகையும் வாங்கிவிட்டாள். அவளுக்குத் தொற்றுநோய்க் கிருமிகளில்தான் ஆராய்ச்சி செய்ய வேண்டுமாம், அதிலும் மண்ணிலும் குளத்துத் தண்ணீரிலும் இருக்கிற கிருமியாம். தங்கை மாப்பிள்ளையோ பி.எட். படி, பக்கத்தில் ஏதாவது பள்ளிக்கூடத்தில் சேர், அந்திக்கு வீடு வந்து சேர் என்கிறார். தங்கைக்கு வேறு பயம். கொரோனா சமயத்தில் டிவியில் பார்த்த அந்த வெள்ளை அங்கியும் மூடின முகமும் நினைவுக்கு வந்து, பிள்ளைக்கு ஏதாவது ஒட்டிக்கொண்டால் யார் பொறுப்பு என்று ராத்திரி பதினொரு மணிக்கு எனக்குப் போன் செய்கிறாள்.

பிளஸ் டூவில் தவளையைப் பார்த்ததோடு என் உயிரியல் முடிந்தது. இந்த வேலை உண்மையில் என்ன, நாள் முழுக்க என்ன செய்வார்கள், காசு வருமா, ஆபத்து உண்டா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். ‘அவள் ஆசைப்படி விடுங்கள்’ என்று மட்டும் எழுத நினைப்பவர்கள் தயவுசெய்து அதற்குக் கீழே இரண்டு வரி சேர்த்து எழுதவும், எனக்கு மாப்பிள்ளையிடம் பேச ஏதாவது வேண்டும்.

குழித்துறை சாயா எழுதியது:

அண்ணாச்சி, கசப்பாகச் சொல்கிறேன், கோபப்படாதீர்கள். என் சித்தப்பா மகன் இதே படிப்புதான். டாக்டர் பட்டம் வாங்கும்போது முப்பத்து மூன்று வயது. அப்புறம் ஒரு புராஜெக்ட் இரண்டு வருடம், அது முடிந்ததும் இன்னொன்று ஒன்றரை வருடம், நடுவில் ஏழு மாதம் சும்மா. பெண் பார்க்கப் போன வீட்டில் ‘டாக்டர் என்றால் எந்த ஆஸ்பத்திரி’ என்று கேட்டார்கள். கிருமி பார்க்கிற டாக்டர் என்றதும் அந்த வீட்டம்மா சாயா டம்ளரைத் தனியாக எடுத்து வைத்ததை நானே பார்த்தேன். இப்போது மருந்துக் கம்பெனி ஒன்றில் தரக்கட்டுப்பாட்டில் இருக்கிறான், நன்றாகத்தான் இருக்கிறான். ஆனால் அந்த வேலைக்கு எம்.எஸ்ஸி.யே போதும், நடுவில் போன எட்டு வருடம் போனதுதான். தங்கை மாப்பிள்ளை சொல்வதில் தப்பில்லை.

தட்டுக்காரி எழுதியது:

வேளிமலை அண்ணா, இந்த வேலையில் நான் இருபத்து மூன்று வருடமாக இருக்கிறேன். ஊர் தக்கலைப் பக்கம், இப்போது வேறு மாநிலம். குழித்துறைக்காரர் சொன்னது அத்தனையும் உண்மை, முதலில் அதை ஒத்துக்கொண்டுவிடுகிறேன்.

நாள் முழுக்க என்ன செய்வோம்? சமையல்தான். ஆறினால் ஜெல்லி மாதிரி கட்டியாகிற அகார் பொடியைத் தண்ணீரில் கரைத்து, கிருமிக்குப் பிடித்ததைச் சேர்த்து, ஆட்டோகிளேவில் 121 டிகிரியில் கால் மணி நேரம் வேக வைப்போம். ஆட்டோகிளேவ் என்றால் பெரிசாக நினைக்க வேண்டாம், விசில் அடிக்காத குக்கர். ஆறுகிற பக்குவம் பார்த்துத் தட்டுகளில் ஊற்ற வேண்டும். சூடு அதிகமானால் மூடியெல்லாம் வேர்த்துவிடும், ஆற விட்டால் பாத்திரத்திலேயே கட்டியாகிவிடும். அப்புறம் மாதிரியைத் தடவி, இன்குபேட்டர் என்கிற சூட்டுப் பெட்டியில் வைத்துவிட்டுக் காத்திருப்பது. சில கிருமி மறுநாளே வரும். காசநோய்க் கிருமி திட ஊடகத்தில் எட்டு வாரம் வரை காக்க வைக்கும். எலிக்காய்ச்சல் கிருமி அதைவிட மோசம், மூன்று மாதம் பார்த்துவிட்டு ‘இல்லை’ என்று எழுதிய நாட்கள் எனக்கு உண்டு. நடுவில் ஒரு பூஞ்சை உள்ளே நுழைந்துவிட்டால் முழுசும் குப்பை, திரும்ப முதலிலிருந்து. என் இரண்டாம் வருடத்தில் ஒரு நீண்ட மின்தடையில் உறைபெட்டி நின்றுபோய், பதினான்கு மாதம் சேர்த்த மாதிரிகள் ஐஸ்கிரீம் மாதிரி உருகிக் கிடந்தன. அன்றைக்கு நானும் பி.எட். விண்ணப்பம் தேடினேன், பொய் சொல்லவில்லை.

காசு: ஜேஆர்எஃப் என்றால் 2023 முதல் மாதம் 37,000, இரண்டு வருடம் கழித்து அடுத்த படியான எஸ்ஆர்எஃப் ஆனால் 42,000, வீட்டு வாடகைப்படி தனி. ஊரில் ஆரம்ப ஆசிரியர் வேலைக்குத் தனியார் பள்ளிகள் கொடுப்பதோடு ஒப்பிட்டுப் பாருங்கள், மாப்பிள்ளைக்குக் கொஞ்சம் மனசு இளகும். பிரச்சனை அதற்குப் பிறகுதான். நிரந்தர வேலை குறைவு, காத்திருப்பு அதிகம்.

எங்கே போகலாம் என்றால், கொசு மாதிரிப் பூச்சிகள் பரப்புகிற நோய்களுக்குப் புதுச்சேரியில் வெக்டர் கண்ட்ரோல் ரிசர்ச் சென்டர் இருக்கிறது, 1975இல் தொடங்கியது. காசநோய் என்றால் சென்னையில் என்ஐஆர்டி என்ற ஆராய்ச்சி நிறுவனம். வேலூர் சிஎம்சி உண்டு. நமக்குப் பக்கம் என்றால் திருவனந்தபுரத்தில் ராஜீவ் காந்தி உயிர்த்தொழில்நுட்ப மையம், தொன்னக்கல் வைராலஜி நிறுவனம். களியக்காவிளை தாண்டினால் போதும், சனிக்கிழமை வீட்டுக்கு வந்து மீன்குழம்பு சாப்பிடலாம். ஆனால் இடத்தைப் பார்த்துச் சேரக் கூடாது, வழிகாட்டுகிற பேராசிரியரை, அதாவது கைடைப் பார்த்துச் சேர வேண்டும். அந்த ஆளிடம் படித்து முடித்தவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள், எத்தனை வருடத்தில் முடித்தார்கள் என்று ரகசியமாக விசாரியுங்கள், கல்யாணத்துக்கு விசாரிப்பது போல.

முட்டம் காற்று எழுதியது:

ஆபத்தைப் பற்றி அக்கா ஒன்றும் சொல்லவில்லையே. அதைத்தானே அவர் தங்கை கேட்டது?

தட்டுக்காரி எழுதியது:

விட்டுவிட்டேன், சரி. ஆபத்து இருக்கிறது, ஆனால் எங்கே என்று தெரிந்த ஆபத்து. எங்களுக்குக் காற்றை உள்ளே இழுத்து வடிகட்டுகிற பெட்டி இருக்கிறது, கையுறை இருக்கிறது, எந்தக் கிருமியை எந்த அறையில் திறக்கலாம் என்று படிநிலை இருக்கிறது. பழைய ஆட்கள் தட்டை மூக்கருகே கொண்டுபோய் மணத்தை வைத்தே கிருமியைச் சொல்வார்கள். சூடோமோனாஸ் ஒன்று திராட்சைப் பழம் மாதிரி மணக்கும். எனக்கு முதல் வேலையில் மூத்த டெக்னீஷியன் ஒருவர் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார். இன்றைக்கு என் மாணவன் ஒருவன் தட்டை மோந்தால் அன்றே வெளியே அனுப்பிவிடுவேன், ஏன் என்று பின்னால் சொல்கிறேன். குலசேகரத்தில் மழைக்காலத்தில் வெறுங்காலோடு ரப்பர் பால்வெட்டப் போகிற ஆளுக்கு இருக்கிற ஆபத்து, ஒழுங்கான ஆய்வகத்தில் இருக்கிற பிள்ளைக்கு இல்லை. தங்கையிடம் இதைச் சொல்லுங்கள்.

நெய்யூர் பழசு எழுதியது:

பேச்சு கிருமி, ஆராய்ச்சி என்று போவதால் ஒரு பழைய கதை. என் தாத்தாவுக்குக் கொப்பூழுக்கு மேலே ஒரு சாண் நீளத்துக்குத் தழும்பு உண்டு. சிறுவயதில் அதில் விரலை ஓட்டி விளையாடுவோம். நெய்யூர் மிஷன் ஆஸ்பத்திரியில் குடல் புண்ணுக்குச் செய்த ஆபரேஷன். செய்தவர் சோமர்வெல் துரை. எவரெஸ்டில் 1922இலும் 1924இலும் ஏறிய அதே சோமர்வெல்தான். 1922இல் மலையேறிவிட்டு ஊர் சுற்றிப் பார்க்க வந்தவர், நெய்யூரில் காத்துக் கிடந்த கூட்டத்தைப் பார்த்து இங்கேயே தங்கிவிட்டார். அன்றைக்கு நாம் திருவிதாங்கூர். வயிற்றுப்புண் இங்கே அவ்வளவு அதிகம். இரைப்பைக்கும் சிறுகுடலுக்கும் நடுவே புதிதாக ஒரு வழி திறந்து தைப்பதுதான் அன்றைய வைத்தியம். 1936இல் அவரும் கூட வேலை பார்த்த ஆர் என்ற மருத்துவரும் சேர்ந்து பிரிட்டிஷ் அறுவை மருத்துவ இதழ் ஒன்றில் 2,500 ஆபரேஷன்களின் கணக்கை எழுதினார்கள். இரண்டாயிரத்து ஐநூறு வயிறு, நெய்யூரில்!

ஏன் இங்கே மட்டும் இத்தனை என்று கேட்டபோது எல்லார் கையும் மரச்சீனிக் கிழங்கைத்தான் (மரவள்ளி) காட்டியது. குன்னூரில் சாப்பாட்டு ஆராய்ச்சி செய்த மெக்காரிசன் எலிகளுக்குத் திருவிதாங்கூர் ஏழைச் சாப்பாட்டைப் போட்டுப் பார்த்தார், எலிக்கும் வயிற்றில் புண் வந்தது. என் பாட்டிக்கு இது தெரிந்ததோ என்னவோ, தாத்தாவுக்கு ஆபரேஷனுக்குப் பிறகு சாகும் வரை மரச்சீனி போடவில்லை, மிளகாயும் கிடையாது. மற்றவர்கள் மீன்கறியும் மரச்சீனியும் சாப்பிட, அந்த மனிதர் மோர்ச்சோறு சாப்பிட்டுக்கொண்டு முற்றத்தைப் பார்த்தபடி இருப்பார். அப்புறம் கேள்விப்பட்டேன், அந்தப் புண்ணுக்குக் காரணம் கிருமியாம், அதை ஆஸ்திரேலியாவில் ஒருத்தர் குடித்துக் காட்டினாராம். தட்டுக்காரி அம்மா, அது மெய்தானா? தாத்தா முப்பது வருடம் மரச்சீனியை வீணாகத்தான் விட்டாரா?

தட்டுக்காரி எழுதியது:

தாத்தா கதைக்கு நன்றி ஐயா. மெய்தான், ஆனால் குடித்ததை மட்டும் எல்லாரும் சொல்கிறார்கள், அதற்கு முன்னால் நடந்ததுதான் எனக்குப் பெரிது.

பெர்த் நகரில் ராபின் வாரன் என்ற நோய்க்குறியியல் மருத்துவர் 1979 முதல் இரைப்பைத் துணுக்குகளில் வளைந்த கிருமிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அமிலத்தில் எந்தக் கிருமி பிழைக்கும் என்று யாரும் மதிக்கவில்லை. 1981இல் பாரி மார்ஷல் என்ற இளம் மருத்துவர் அவரோடு சேர, பிறகு இரண்டு பேரும் நூறு நோயாளிகளிடம் துணுக்கெடுத்து வளர்க்கப் பார்த்தார்கள். முதல் முப்பது சொச்சம் பேரின் தட்டில் ஒன்றுமே வரவில்லை. வராததற்குக் காரணம் கிருமி இல்லை, வழக்கம்! ஆய்வகத்தில் 48 மணி நேரத்தில் ஒன்றும் இல்லையென்றால் தட்டைக் கொட்டிவிடுவார்கள். 1982 ஈஸ்டர் விடுமுறையில் யாரும் கொட்டாமல் தட்டு ஐந்து நாள் உள்ளேயே கிடந்தது. திறந்தால் நிற்கிறது கிருமி. மெதுவாக வளர்கிற சாதி, அவ்வளவுதான். இன்றைக்கு ஹெலிகோபாக்டர் பைலோரி என்கிறோம். யூரியாவை உடைத்து அம்மோனியா உண்டாக்கி, அமிலத்துக்குள்ளேயே தனக்கொரு குடை பிடித்துக்கொள்ளும்.

அதற்குப் பிறகும் நம்பவில்லை, அதனால்தான் 1984இல் மார்ஷல் அந்தக் கிருமியைக் குடித்தார்.

மரச்சீனி பற்றி: இந்தக் கிருமி நம் ஊரில் பாதிப் பேருக்கு மேல் வயிற்றில் இருக்கும், எல்லாருக்கும் புண் வருவதில்லை. புகை, வலி மாத்திரை, சாப்பாடு என்று மற்றதும் சேர்ந்துதான் தீர்மானிக்கிறது. ஆக மரச்சீனியை முழுக்க விடுதலை செய்ய எனக்கு மனமில்லை, ஆனால் முதல் குற்றவாளி அது இல்லை. தாத்தாவுக்கு இரண்டு வாரம் ஆன்டிபயாட்டிக்கும் அமிலம் குறைக்கிற மாத்திரையும் போதுமாக இருந்திருக்கலாம்.

முட்டம் காற்று எழுதியது:

குடித்ததெல்லாம் சினிமா வேலை. ஒரு ஆள் குடித்து ஒரு ஆளுக்கு வாந்தி வந்தால் அது விஞ்ஞானமா? நாளைக்கு நம்ம பிள்ளையும் எதையாவது குடித்து வைத்தால்?

தட்டுக்காரி எழுதியது:

கேள்வி சரியான கேள்வி. அவருக்கு வந்தது இரைப்பை அழற்சி, புண் இல்லை. பத்தாம் நாள் உள்ளே பார்த்துத் துணுக்கெடுத்தார்கள், அழற்சியும் இருந்தது கிருமியும் இருந்தது. அதனால் ஆரோக்கியமான வயிற்றில் இந்தக் கிருமி கேடு செய்யும் என்பது மட்டும்தான் நிரூபணம். கிருமியைக் கொன்றால் புண் திரும்ப வராது என்பதை நிரூபித்தது அதற்குப் பிறகு நடந்த சிகிச்சை ஆய்வுகள், அவற்றைப் பற்றி யாரும் கதை சொல்வதில்லை, ஏனென்றால் அதில் யாரும் எதையும் குடிக்கவில்லை. அமெரிக்கச் சுகாதார நிறுவனங்கள் ஒத்துக்கொண்டது 1994இல். நோபல் 2005இல். இன்றைக்கு இப்படிக் குடித்தால் நெறிமுறைக் குழு கிழித்துத் தொங்கவிடும். அவரே முன்கூட்டி யாரிடமும் அனுமதி கேட்கவில்லை, கேட்டால் கிடைக்காது என்று தெரியும். பிள்ளை குடிக்க மாட்டாள், கவலைப்படாதீர்கள்.

இப்போது நான் சொல்கிறேன் என்று விட்ட கதை. எம்.எஸ்ஸி. முடித்ததும் ஒரு தனியார் ஆய்வகத்தில் ஒன்றரை வருடம் வேலை பார்த்தேன். எந்த ஊர், யாருடையது என்பதெல்லாம் வேண்டாம். ஒரு கும்பப்பூ நெல் நடவு முடிந்த நேரம், மழை விடாத மாதம். வயல் வேலை செய்கிற ஒருவரின் சீழ் மாதிரி வந்தது. ஐம்பது வயதிருக்கும், சர்க்கரை நோயாளி, ஒரு மாதமாகக் காய்ச்சல், காசநோய் மருந்து ஏற்கெனவே ஆரம்பித்திருந்தார்கள். மறுநாள் தட்டில் சின்னச் சின்னப் புள்ளிகள். அடையாளம் பார்த்ததில் ‘சூடோமோனாஸ் வகை, வெளியிலிருந்து வந்த கலப்படமாக இருக்கலாம்’ என்று தாள் எழுதி அனுப்பினோம். ஞாயிற்றுக்கிழமை வந்தது, திங்கட்கிழமை நான் தட்டுகளைக் கொட்டுவதற்காக எடுத்தேன். அந்தத் தட்டில் மட்டும் புள்ளிகள் காய்ந்து, சுருங்கி, வாடின பூ மாதிரி மடிப்பு மடிப்பாக இருந்தன. அழகாக இருக்கிறதே என்று பக்கத்தில் இருந்த பெண்ணிடம் காட்டினேன். இரண்டு பேரும் பார்த்தோம். மோந்தும் பார்த்தேன், மழை பெய்த மண் மாதிரி ஒரு மணம். கொட்டிவிட்டேன்.

நான்கு வருடம் கழித்து, ஆராய்ச்சியில் சேர்ந்த புதிதில், ஒரு பாடநூலில் மெலியாய்டோசிஸ் என்ற நோய்க்கான கிருமியின் படம். பர்க்கோல்டேரியா சூடோமல்லை. மூன்று நான்கு நாளானால் சுருங்கி மடிப்பு விழும், மண்மணம் இருக்கும், எக்காரணத்தாலும் மோந்து பார்க்காதே, காற்றில் ஏறி ஆய்வகத்தில் வேலை செய்பவருக்கே நோய் தரும் என்று போட்டிருந்தது. அந்த நூலகத்தில் எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன் என்று தெரியாது. அது அதுதானா? இன்றுவரை சொல்ல முடியாது, தட்டு போய்விட்டது. அந்த மனிதரின் பெயரும் என்னிடம் இல்லை, தாளில் எழுதின எண்தான் மனசில் இருக்கிறது.

அதற்குப் பிறகு என் ஆராய்ச்சி முழுக்க அந்தக் கிருமிதான். வயலில் இறங்கி, ஐந்து மீட்டருக்கு ஒரு குழி, ஒவ்வொன்றும் ஓரடி ஆழம், ஒரு வயலுக்கு நூறு குழி. மண்ணெடுத்து, கொலிஸ்டின் என்ற ஆன்டிபயாட்டிக் கலந்த நீர்மத்தில் இரண்டு நாள் ஊற வைப்போம், மற்றக் கிருமியில் பலதும் அடங்கிவிடும், இது அடங்காது. அப்புறம் ஆஷ்டவுன் என்ற ஊதா நிறத் தட்டு. ஒரு பெரியவர் வரப்பில் குந்திக்கொண்டு மூன்று நாள் பார்த்துவிட்டு, ‘மக்களே, பாட்டன் புதைத்துவைத்தது ஏதாவது அம்புடுதா, பாதி எனக்குத் தரணும்’ என்றார். எந்த ஏலா (வயல்வெளி) என்று சொல்ல மாட்டேன், நிலத்தின் விலையைக் குறைத்துவிட்டாள் என்று சண்டைக்கு வருவார்கள்.

ராத்திரி டியூட்டி எழுதியது:

மருத்துவர் பக்கத்திலிருந்து நானும் சொல்கிறேன். இந்த நோயை நான் படித்த காலத்தில் அரைப் பக்கம்தான் பாடத்தில் இருந்தது. நுரையீரலில் வந்தால் காசநோய் போலவே இருக்கும், ஈரலிலும் மண்ணீரலிலும் சீழ்க்கட்டி வைக்கும், மூட்டில் வரும். சர்க்கரை இருப்பவர்களைத் தேடிப் பிடிக்கும், நம் மாவட்டத்தில் சர்க்கரைக்கா பஞ்சம். போதாததற்கு இரண்டு பருவமழையும் பெய்கிற இடம். எந்த ஆன்டிபயாட்டிக்குக்குக் கிருமி மசியும் என்று எழுதுகிற ஆய்வகத் தாளில் ஒரு துப்பு உண்டு: ஜென்டாமைசினுக்கு மசியாது, கொலிஸ்டினுக்கு மசியாது, ஆனால் கோ-அமாக்சிக்ளாவுக்குக் கேட்கும். சாதாரண சூடோமோனாஸ் இதற்கு நேர் எதிர். இந்த மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் உடனே ஆய்வகத்துக்குப் போன் செய்யணும். மருந்து இருக்கிறது, முதலில் குறைந்தது பத்துப் பதினான்கு நாள் ஊசி, அப்புறம் மூன்று மாதம் அல்லது அதற்கு மேலும் மாத்திரை. நடுவில் நிறுத்தினால் திரும்ப வரும். 2016இல் வந்த ஒரு கணிப்பு, உலகத்தில் வருடத்துக்கு 1,65,000 பேருக்கு வரலாம், 89,000 பேர் இறக்கலாம் என்றது. கணிப்புதான், எண்ணியது இல்லை, எண்ணுவதற்கு முதலில் கண்டுபிடிக்கணுமே.

இன்னொன்று. இதை முதலில் கண்டது 1911இல் ரங்கூன் பொது மருத்துவமனையில். மார்ஃபின் ஊசி போட்டுப் பழகின ஏழைகளின் சடலங்களைப் பரிசோதித்தபோது, குதிரைக்கு வரும் கிளாண்டர்ஸ் போலிருக்கிறதே, ஆனால் கிருமி வேகமாக வளர்கிறதே, நீந்துகிறதே என்று பிரித்தறிந்தார்கள். 1912இல் இந்தியன் மெடிக்கல் கெஜட்டில் வந்த கட்டுரையில் இரண்டு பெயர்: ஆல்ஃபிரட் விட்மோர், சி. எஸ். கிருஷ்ணசாமி. நோய்க்கு வைத்த பெயரோ ‘விட்மோர் நோய்’. கிருஷ்ணசாமி அந்த மருத்துவமனையின் உதவி அறுவை மருத்துவர். என் வகுப்பில் யாரும் அவர் பெயரைச் சொல்லவில்லை, நான் தற்செயலாகப் பழைய கட்டுரையைத் திறந்தபோதுதான் பார்த்தேன்.

குழித்துறை சாயா எழுதியது:

அதைத்தான் நானும் சொல்கிறேன்! குழி தோண்டியது கிருஷ்ணசாமி, பெயர் விட்மோருக்கு. காசும் இல்லை, நிரந்தரமும் இல்லை, பெயராவது மிஞ்சுமா என்றால் அதுவும் இல்லை. கல்கத்தா சம்புநாத் டேயைப் பாருங்கள். காலரா ஏன் ஆளைத் தண்ணீராக உருக்குகிறது என்று உலகமே முழித்துக்கொண்டிருந்தபோது, முயலின் குடலை இரண்டு பக்கமும் கட்டி, கிருமியை வடிகட்டி எடுத்த வெறும் சாறை உள்ளே விட்டுப் பார்த்தவர். கிருமியே இல்லாமல் குடல் நீர் கட்டி வீங்கியது. ஆக நஞ்சுதான் காரணம். 1959இல் நேச்சர் இதழில் வந்தது. உயிரோடு இருக்கும்போது நம் நாட்டில் ஒரு பெரிய விருது கொடுத்தார்களா? நோபல் வாங்கின லெடர்பர்க் அவரை நோபலுக்குப் பரிந்துரைத்தார், கிடைக்கவில்லை. 1985இல் போய்ச் சேர்ந்தார். எனக்கே இது ஒரு பழைய பத்திரிகையில் வடை மடித்த தாளில் படித்துத்தான் தெரியும்.

தக்கலை டீச்சர் எழுதியது:

சாயா தம்பி வடைத் தாளில் இவ்வளவு படிக்கிறார் என்றால் பி.எட். படித்த நாங்கள் எல்லாம் என்ன சொல்ல. ஆனால் ஒன்று, டேயின் பெயர் தெரியாவிட்டாலும் காலராவுக்கு உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீர் ஏன் வேலை செய்கிறது என்பதற்கு அவர் வேலையும் ஒரு படி. 1971இல் வங்கதேச அகதி முகாமில் திலீப் மகாலனாபிஸ் அதை வாளி வாளியாகக் கொடுத்தார். என் பிள்ளைகளுக்கு ஓஆர்எஸ் பொட்டலம் கரைத்துக் கொடுத்தபோது நான் யார் பெயரும் கேட்கவில்லை.

தங்கை பயத்துக்கு ஒரு பெயர் சொல்கிறேன். நிர்மலா. 1986இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் மேற்படிப்பு மாணவி, இரண்டு பிள்ளைகளின் தாய். பேராசிரியர் சுனிதி சாலமன், எய்ட்ஸ் இந்தியாவில் இருக்கிறதா என்று பார் என்றார். அது வெளிநாட்டு நோய், இங்கே வராது என்று பெரியவர்கள் எல்லாம் சொல்லிக்கொண்டிருந்த நேரம். நிர்மலா பெண்கள் காப்பகத்துக்குப் போய் இரத்த மாதிரி எடுத்தார், வசதி இல்லாததால் வீட்டு ஃபிரிட்ஜில் வைத்தார். கணவரோடு ராத்திரி ரயிலில் காட்பாடி போய், வேலூர் சிஎம்சியில் ஜேக்கப் ஜானின் ஆய்வகத்தில் சோதித்தார்கள். எண்பது சொச்சம் மாதிரியில் ஆறு மஞ்சளாக மாறின, கிருமி இருப்பதற்கு அதுதான் அடையாளம். இந்தியாவில் எச்ஐவி இருக்கிறது என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. அந்த ஃபிரிட்ஜ் விஷயம் இன்றைய விதிப்படி மகா தப்பு, தட்டுக்காரி திட்டுவார்.

தட்டுக்காரி எழுதியது:

திட்ட மாட்டேன் டீச்சர், ஆனால் என் மாணவர்களிடம் சொல்லவும் மாட்டேன்.

குலசேகரம் பால்வெட்டு எழுதியது:

நடுவில் நுழைவதற்கு மன்னிக்கணும். மேலே எலிக்காய்ச்சல், வெறுங்கால் என்று என்னைத்தான் சொல்லியிருக்கிறீர்கள். போன மழையில் எங்கள் லைனில் இரண்டு பேருக்கு வந்தது. முன்கூட்டி மாத்திரை சாப்பிடலாம் என்கிறார்களே, நிஜமா?

ராத்திரி டியூட்டி எழுதியது:

ஆபத்து அதிகமுள்ள வேலை செய்பவர்களுக்கு டாக்சிசைக்ளின் 200 மில்லிகிராம் வாரத்துக்கு ஒரு தடவை கொடுக்கிற வழக்கம் உண்டு. நீங்களாகக் கடையில் வாங்காதீர்கள், கர்ப்பிணிகளுக்கும் சின்னப் பிள்ளைகளுக்கும் ஆகாது, ஆரம்பச் சுகாதார நிலையத்தில் கேளுங்கள். மாத்திரையை விடப் பெரிசு ரப்பர் பூட்ஸ், காலில் வெட்டு இருந்தால் மூடிக்கட்டுவது. எலி மூத்திரம் கலந்த தண்ணீர் புண் வழியாக ஏறுவதுதான் முக்கிய வழி. காய்ச்சலோடு கெண்டைக்கால் தசை வலித்தால், கண் சிவந்தால் அன்றைக்கே போங்கள், மறுநாள் என்று வைக்காதீர்கள்.

குலசேகரம் பால்வெட்டு எழுதியது:

பூட்ஸ் போட்டால் சரிவில் வழுக்குது சார். ஆனாலும் பார்க்கிறேன்.

வேளிமலை எழுதியது:

நான்கு நாள் கழித்து வருகிறேன். முழு இழையையும் தங்கை வீட்டில் சத்தமாக வாசித்தேன். நெய்யூர் ஆபரேஷன் வந்ததும் மாப்பிள்ளை நிமிர்ந்து உட்கார்ந்தார், அவருடைய பெரியப்பாவுக்கும் அதே தழும்பாம், யார் செய்தது, எந்த வார்டு என்று அரை மணி நேரம் அதுவே போனது. அந்தத் தட்டைக் கொட்டின இடத்தில் யாரும் பேசவில்லை. பிள்ளை எழுந்து அடுக்களைக்குப் போய்விட்டாள்.

மாப்பிள்ளை இன்னும் சரி என்று சொல்லவில்லை. ஆனால் புதுச்சேரிக்கு நேரடி ரயில் இருக்கிறதா, விழுப்புரத்தில் மாறணுமா என்று என்னிடம் கேட்டார், எங்கள் வீட்டில் அது சம்மதம் என்றுதான் அர்த்தம். தங்கை கேட்கச் சொன்னது ஒன்று: அந்த 37,000 மாதா மாதம் ஒன்றாம் தேதி வந்துவிடுமா?

தட்டுக்காரி எழுதியது:

வராது அண்ணா. சேர்ந்து மூன்று நான்கு மாதம் ஒன்றுமே வராது, அப்புறம் ஒரு நாள் மொத்தமாக விழும். அதுவரை வாடகைக்கும் மெஸ்ஸுக்கும் கையில் காசு வேண்டும், இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. நான் அம்மாவின் ஒரு ஜோடிக் கம்மலை அடகு வைத்துத்தான் முதல் நான்கு மாதத்தை ஓட்டினேன்.

வேளிமலை எழுதியது:

கம்மல் வேண்டாம், ஷீட் கொஞ்சம் இருப்பு வைத்திருக்கிறேன், விலை ஏறட்டும் என்று காத்திருந்தேன். நாளைக்குப் போட்டுவிடுகிறேன். ரப்பர் இன்றைக்கு என்ன விலை, யாருக்காவது தெரியுமா?